ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிம வேதியியலில் காலெடுத்து வைத்ததும் எல்லோரும் தடுமாறும் இடம், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடுதல்தான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் விடைகள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்தவை. முதல் தடவை வரிசையாகப் படியுங்கள். கையில் தாளும் பென்சிலும் இருக்கட்டும். ஒவ்வொரு பெயரையும் வரைந்து பார்க்காமல் கடந்தால் பாதிதான் புரியும்.

1. பழைய பெயர்களே போதாதா? இந்த ஐயுபிஏசி பெயர் எதற்கு?

போதாது. நான்கு கார்பன் உள்ள அல்கேனை (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பனை) இரண்டு விதமாக அமைக்கலாம். ஐந்து கார்பன் என்றால் மூன்று, ஆறுக்கு ஐந்து, எட்டுக்குப் பதினெட்டு, பத்துக்கு 75. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. அதனால் 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் அமைப்பைப் பார்த்தே பெயரை உருவாக்கும் முறைக்கு அடித்தளம் போட்டார்கள். 1919இல் தொடங்கிய ஐயுபிஏசி என்னும் வேதியியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியம் அதை இன்றுவரை திருத்தி வருகிறது. பெயரைக் கேட்டவர் யாராக இருந்தாலும் ஒரே அமைப்பைத்தான் வரைய வேண்டும். கீழே வரும் விதிகள் எல்லாம் இதற்காகத்தான்.

இந்த வேறுபாடு தாளோடு நிற்பதும் இல்லை. ஐந்து கார்பன் அல்கேன்கள் மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் பென்டேன் சுமார் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 2-மெத்தில்பியூட்டேன் 28இல், 2,2-டைமெத்தில்புரப்பேன் 9.5இல்.

2. பெயரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கடைசியிலிருந்து. 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கடைசியில் 'ஏன்' என்று முடிகிறது, அதாவது எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. அதற்கு முன் 'ஹெக்ஸ்', ஆகவே முதன்மைச் சங்கிலியில் ஆறு கார்பன். அந்த ஆறையும் வரைந்து 1 முதல் 6 வரை எண் போடுங்கள். இனி முன்பகுதி: 2ஆம் கார்பனில் இரண்டு மெத்தில் (ஒரு கார்பன் கிளை), 4ஆம் கார்பனில் ஒரு எத்தில் (இரண்டு கார்பன் கிளை). ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்பு வரும்வரை ஹைட்ரஜனை நிரப்பினால் அமைப்பு தயார்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றும் ஓர் உயிர்க்குறியில்தான் வேறுபடுகின்றன. ஆனால் ஹைட்ரஜன் எண்ணிக்கை முறையே 6, 4, 2. 'ஏன்' ஒற்றைப் பிணைப்பு, 'ஈன்' இரட்டைப் பிணைப்பு, 'ஐன்' முப்பிணைப்பு. அவசரத்தில் கொம்பும் சுழியும் இடம் மாறினால் சேர்மமே மாறிவிடும்.

3. மெத், எத், புரப் என்று எத்தனை வரை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பத்து வரை: மெத், எத், புரப், பியூட், பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக். முதல் நான்கும் பழைய வழக்கிலிருந்து வந்தவை, அவற்றில் கணக்கு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஐந்திலிருந்து கிரேக்க, இலத்தீன் எண்ணுப்பெயர்கள். பதினொன்று அன்டெக்கேன், பன்னிரண்டு டோடெக்கேன். ஹெக்ஸ் ஆறு, ஹெப்ட் ஏழு. இந்த இரண்டைத்தான் அதிகம் பேர் மாற்றிப் போடுகிறார்கள்.

இதே வேர்ச்சொல்லோடு 'இல்' அல்லது 'ஐல்' ஒலி சேர்ந்தால் கிளையின் பெயர்: மெத்தில், எத்தில், புரப்பைல், பியூட்டைல். புரப்பைல் என்பது கிளை, புரப்பைன் என்பது முப்பிணைப்புள்ள தனிச் சேர்மம். இதையும் கவனித்து எழுதுங்கள்.

4. நீண்ட சங்கிலி என்றால் நேர்கோட்டில் வரைந்திருப்பதுதானே?

இல்லை. சங்கிலி எங்கு வேண்டுமானாலும் திரும்பலாம். வரைந்தவர் கையை எந்தப் பக்கம் இழுத்தார் என்பது கணக்கில் வராது. கிடைக்கோட்டில் நான்கு கார்பன், அதில் இரண்டாவதிலிருந்து கீழே இரண்டு கார்பன் தொங்குகிறது என்று வையுங்கள். பார்த்ததும் '2-எத்தில்பியூட்டேன்' என்று எழுதத் தோன்றும். ஆனால் கீழே தொங்கும் நுனியில் தொடங்கி மேலே ஏறி வலப்பக்கம் போனால் ஐந்து கார்பன் கிடைக்கிறது. சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன்.

கண்ணை நம்பாமல் செய்ய ஒரு வழி உண்டு. நுனிக் கார்பன்கள் எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் மற்ற ஒவ்வொரு நுனிக்கும் போகும் பாதையை எண்ணுங்கள். மூன்று நுனி என்றால் மூன்று பாதை, நான்கு நுனி என்றால் ஆறு பாதை. அரை நிமிட வேலைதான். வளைந்து நெளிந்த கோட்டுப்படத்தில் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு மூலையும் ஒரு கார்பன். கோட்டின் இரு முனைகளையும் எண்ண மறப்பதுதான் அங்கே வழக்கமான சறுக்கல்.

இதிலிருந்தே ஒரு பிடி கிடைக்கிறது. வளையமில்லாத அல்கேனின் பெயரில் 1-மெத்தில், 2-எத்தில், 3-புரப்பைல் என்று வந்தால் அந்தப் பெயர் தவறு. 1-மெத்திலும் 2-எத்திலும் வந்தால் சங்கிலியை இன்னும் நீட்ட முடியும் என்று பொருள். 3-புரப்பைலும் அதே வகைதான்.

5. எந்தப் பக்கத்திலிருந்து எண் போடுவது?

முதல் கிளை எந்த நுனிக்குக் கிட்ட இருக்கிறதோ அந்த நுனியிலிருந்து. நான்கு கார்பன் சங்கிலியில் ஒரு மெத்தில் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து 2, மறுபக்கத்திலிருந்து 3 என்று வரும்; 2-மெத்தில்பியூட்டேன்தான் சரி. முதல் கிளை இரு பக்கத்திலிருந்தும் ஒரே தூரம் என்றால் அடுத்த கிளையைப் பாருங்கள், அதுவும் சமம் என்றால் அதற்கடுத்ததை.

6. எண்களைக் கூட்டி எந்தக் கூட்டுத்தொகை குறைவோ அதை எடுக்கச் சொன்னார்களே?

அது பழைய குறுக்குவழி. எளிய கணக்குகளில் சரியான விடையே வரும் என்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் விதி அதுவல்ல. இரு திசையிலும் வரும் எண்களை ஏறுவரிசையில் எழுதி, முதலில் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் சிறிய எண் உள்ள வரிசையே வெல்லும்.

பதினொரு கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில்கள் இருக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் 2, 8, 9. வலப்பக்கத்திலிருந்து 3, 4, 10. கூட்டினால் முதலாவது 19, இரண்டாவது 17. கூட்டுத்தொகையை நம்புபவர் 3,4,10 என்று எழுதுவார். ஆனால் முதல் இடத்திலேயே 2க்கும் 3க்கும் வேறுபாடு வந்துவிட்டது, 2 சிறியது. ஆகவே 2,8,9-டிரைமெத்தில்அன்டெக்கேன். அதன்பிறகு வரும் எண்களைப் பார்க்கவே தேவையில்லை.

7. ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் இருந்தால் 2 என்று ஒரு தடவை எழுதினால் போதாதா?

போதாது. ஒவ்வொரு கிளைக்கும் தனி எண் வேண்டும்: 2,2-டைமெத்தில்புரப்பேன். '2-டைமெத்தில்' என்று எழுதினால் இன்னொரு மெத்திலின் இடம் எங்கே என்ற கேள்வி நிற்கும். டை என்றால் முன்னால் இரண்டு எண், டிரை என்றால் மூன்று, டெட்ரா என்றால் நான்கு. எழுதி முடித்ததும் இந்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

நிறுத்தக்குறி விதி மிக எளிது: எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறுகோடு. ஹைட்ரோகார்பன் பெயரில் இடைவெளி விடுவதில்லை. கடைசிக் கிளையும் சங்கிலியின் பெயரும் ஒட்டியே வரும்.

8. எத்தில் முன்னாலா, மெத்தில் முன்னாலா? தமிழில் எழுதினால் தமிழ் அகரவரிசையா?

கிளைகளை எழுதும் வரிசை ஆங்கில எழுத்து வரிசை. தமிழில் எழுதினாலும் அதை மாற்றுவதில்லை. ஆங்கில வரிசையில் பியூட்டைல், எத்தில், மெத்தில், புரப்பைல் என்று வரும். தமிழ் அகரவரிசையில் அடுக்கினால் எத்தில், பியூட்டைல், புரப்பைல், மெத்தில் ஆகிவிடும். எத்திலும் மெத்திலும் மட்டும் இருக்கும் கணக்குகளில் இரண்டு வரிசையும் ஒத்துப்போவதால் தவறு வெளியே தெரியாது. புரப்பைல் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள்.

3-மெத்தில்-5-புரப்பைல்நோனேன் என்பதே சரி. தமிழ் வரிசைப்படி புரப்பைலை முன்னால் போட்டால் பிழை. ஆங்கிலத்தில் பியூட்டைலும் புரப்பைலும் வேறு வேறு எழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் பகரமே என்பதால் இந்த இணையை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்: பியூட்டைல் எத்திலுக்கும் முன்னால், புரப்பைல் மெத்திலுக்கும் பின்னால்.

9. டைமெத்தில் என்றால் 'டை'யை வைத்து வரிசைப்படுத்துவதா?

எளிய கிளைகளில் டை, டிரை, டெட்ரா எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. அதனால்தான் 2ஆம் கேள்வியில் எத்தில் முதலில் வந்தது: டைமெத்தில் என்றிருந்தாலும் மெத்திலாகவே வரிசையில் நிற்கும். செக், டெர்ட் என்னும் முன்னொட்டுகளையும் (விளக்கம் 12ஆம் விடையில்) விட்டுவிட வேண்டும். ஆனால் ஐசோ, நியோ, சைக்ளோ மூன்றும் பெயரின் பகுதியாகவே எண்ணப்படும். டெர்ட்-பியூட்டைல் பியூட்டைலின் இடத்தில் நிற்கும், ஐசோபுரப்பைல் (நடுக் கார்பனால் ஒட்டும் மூன்று கார்பன் கிளை) 'ஐசோ'வின் எழுத்துப்படி மெத்திலுக்கு முன்னால் வரும். ஏன் இப்படி என்றால் மரபு என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

10. அகரவரிசையில் எத்தில்தானே முதல்? அப்போ அதற்குத்தானே சின்ன எண்?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிக மதிப்பெண் போகும் இடமும் இதுதான். எண் போடுவது ஒரு வேலை, எழுதுவது வேறு வேலை. எண் போடும்போது கிளையின் பெயரே தெரியாதது போல நடந்துகொள்ளுங்கள்; எந்தெந்தக் கார்பனில் ஏதோ ஒன்று தொங்குகிறது என்பது மட்டும் போதும். எண்கள் முடிவான பிறகுதான் அகரவரிசை உள்ளே வரும், அதுவும் எழுதும் வரிசைக்கு மட்டும்.

ஆறு கார்பன் சங்கிலியில் ஒரு பக்கத்திலிருந்து எண்ணினால் 2இல் மெத்தில், 4இல் எத்தில். மறுபக்கத்திலிருந்து 3இல் எத்தில், 5இல் மெத்தில். 2,4 என்பது 3,5ஐ விடச் சிறியது. ஆகவே 4-எத்தில்-2-மெத்தில்ஹெக்சேன். பெரிய எண் முன்னால் வருகிறதே என்று பலர் பயந்து மாற்றிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வரும்.

விதிவிலக்கு ஒன்றுதான்: இரு திசையிலும் எண்கள் முழுக்க ஒன்றாகவே வந்தால் மட்டும், அகரவரிசையில் முன்னால் வரும் கிளைக்குச் சிறிய எண். ஏழு கார்பன் சங்கிலியில் 3இலும் 5இலும் ஓர் எத்திலும் ஒரு மெத்திலும் இருந்தால் எந்தப் பக்கம் தொடங்கினாலும் 3,5தான். அங்கே 3-எத்தில்-5-மெத்தில்ஹெப்டேன் என்று எழுத வேண்டும்.

11. ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலி கிடைக்கிறது. எதை எடுப்பது?

கிளைகள் அதிகம் உள்ளதை. நடுவில் ஒரு கார்பன். அதிலிருந்து இரண்டு பக்கம் எத்தில், மூன்றாவது பக்கம் ஐசோபுரப்பைல் என்று ஓர் அமைப்பை வரையுங்கள். எத்திலிலிருந்து எத்திலுக்குப் போனால் ஐந்து கார்பன், ஒரே கிளை. எத்திலிலிருந்து ஐசோபுரப்பைலின் ஒரு நுனிக்குப் போனாலும் ஐந்து, ஆனால் இப்போது ஒரு மெத்திலும் ஒரு எத்திலும் என இரண்டு கிளை. இரண்டாவதே சரி: 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன். கிளை கூடினால் ஒவ்வொரு கிளையும் எளிதாகிறது, அடைப்புக்குறி போட வேண்டியதில்லை.

12. ஐசோ, நியோ, செக், டெர்ட் எல்லாம் தேர்வில் எழுதலாமா?

முறைப்படியான பெயர் கேட்டால் எழுதாமல் இருப்பது பாதுகாப்பு. ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆய்வகக் குப்பிகளில் அவை நிறைய உண்டு. நான்கு கார்பன் கிளை நான்கு வகை: பியூட்டைல், செக்-பியூட்டைல் அல்லது பியூட்டன்-2-ஐல், ஐசோபியூட்டைல் அல்லது 2-மெத்தில்புரப்பைல், டெர்ட்-பியூட்டைல் அல்லது 1,1-டைமெத்தில்எத்தில். சங்கிலியோடு ஒட்டும் கார்பனில் வேறு எத்தனை கார்பன் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்: செக் என்றால் இரண்டு, டெர்ட் என்றால் மூன்று.

பழைய பெயர்கள் காலைவாரும் என்பதற்கு ஐசோஆக்டேன் நல்ல உதாரணம். ஐசோ வழக்கப்படி அது 2-மெத்தில்ஹெப்டேனாக இருக்க வேண்டும். எரிபொருள் துறையிலோ ஐசோஆக்டேன் என்பது 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். ஆக்டேன் எண்ணில் 100 என்று வைத்திருப்பது இதைத்தான். 0 என்று வைத்திருப்பது கிளையே இல்லாத ஹெப்டேனை.

13. கிளைக்குள்ளேயே கிளை இருந்தால்?

கிளைக்குத் தனியாக எண் போடுங்கள். சங்கிலியோடு ஒட்டும் கார்பன் எப்போதும் 1. அங்கிருந்து போகும் நீண்ட பாதையை எடுத்து, அதன் மேல் உள்ளதைச் சொல்லி, மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஒன்பது கார்பன் சங்கிலியின் 5இல் ஐசோபியூட்டைல் இருந்தால் 5-(2-மெத்தில்புரப்பைல்)நோனேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2 கிளையின் கணக்கு, வெளியே இருக்கும் 5 சங்கிலியின் கணக்கு. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

அகரவரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்படி அடைப்புக்குறிக்குள் வரும் கிளைக்கு உள்ளே இருக்கும் முதல் எழுத்தே கணக்கு, அது டை என்று தொடங்கினாலும் சரி. 9ஆம் விடையில் சொன்ன விலக்கு இங்கே செல்லாது. இதனால் ஒரே சேர்மம் பெயரிடும் பாணியைப் பொறுத்து இடம் மாறித் தெரியும். 4-ஐசோபுரப்பைல்-2-மெத்தில்ஹெப்டேன், 2-மெத்தில்-4-(புரப்பன்-2-ஐல்)ஹெப்டேன் இரண்டும் ஒன்றே. எண்கள் மாறவில்லை, எழுதும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

14. அல்கீனில் கிளைக்குச் சின்ன எண்ணா, இரட்டைப் பிணைப்புக்கா?

இரட்டைப் பிணைப்புக்கு. அல்கீன் என்பது இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன். ஐந்து கார்பன் சங்கிலியில் ஒரு பக்கத்திலிருந்து எண்ணினால் மெத்தில் 2, இரட்டைப் பிணைப்பு 3; மறுபக்கத்திலிருந்து இரட்டைப் பிணைப்பு 2, மெத்தில் 4 என்று வைத்துக்கொள்வோம். 4-மெத்தில்பென்ட்-2-ஈன் என்பதே சரி. இரட்டைப் பிணைப்பு இரண்டு கார்பன்களுக்கு நடுவே இருக்கிறது. அவற்றில் சிறிய எண்ணை மட்டும் எழுதினால் போதும், மற்றது அதற்கு அடுத்தது என்பது தெரிந்ததே.

இரட்டைப் பிணைப்பு நட்டநடுவில் இருந்தால் அதன் எண் இரு திசையிலும் ஒன்றுதான். அப்போதுதான் கிளை பேச வரும்: 2-மெத்தில்ஹெக்ஸ்-3-ஈன். முப்பிணைப்புக்கும் இதே விதிகள்.

15. பியூட்-2-ஈன், 2-பியூட்டீன்: எது சரி? ஈத்தீனுக்கு மட்டும் ஏன் எண்ணே இல்லை?

இரண்டும் ஒரே சேர்மம். எண்ணை அது குறிக்கும் பகுதிக்கு ஒட்டி முன்னால் வைக்க வேண்டும் என்பது 1993 பரிந்துரை, அதன்படி பியூட்-2-ஈன். பழைய நூல்களில் 2-பியூட்டீன் என்றே இருக்கும். எதை எழுதினாலும் ஒரு விடைத்தாளுக்குள் கலக்காதீர்கள்.

ஈத்தீன், புரப்பீன், ஈத்தைன், புரப்பைன் நான்குக்கும் எண் வேண்டாம், இரட்டை அல்லது முப்பிணைப்பு வேறு இடத்தில் வர வாய்ப்பே இல்லை. நான்கு கார்பனிலிருந்து எண் கட்டாயம். ஈத்தைனுக்கு அசெட்டிலீன் என்ற பழைய பெயரையே ஐயுபிஏசி முதன்மைப் பெயராக வைத்திருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

16. பியூட்டாடையீனில் நடுவில் 'ஆ' எப்படி வந்தது?

உச்சரிக்க வசதிக்காக. இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தால் 'டையீன்' மெய்யொலியில் தொடங்குகிறது. 'பியூட்' அதோடு ஒட்டாது. அதனால் பியூட்டா-1,3-டையீன், ஹெக்சா-1,3,5-டிரையீன்.

17. இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் சேர்ந்து வந்தால் எது பெரியது?

எண் போடும்போது எதுவும் பெரியதில்லை. இரண்டின் எண்களையும் சேர்த்து ஒரு வரிசையாகப் பாருங்கள், சிறிய வரிசை வெல்லும். ஐந்து கார்பனில் ஒரு பக்கத்திலிருந்து முப்பிணைப்பு 1, இரட்டைப் பிணைப்பு 3. மறுபக்கத்திலிருந்து இரட்டை 2, முப்பிணைப்பு 4 என்றால் 1,3ஐத்தான் எடுக்க வேண்டும்: பென்ட்-3-ஈன்-1-ஐன். இரட்டைப் பிணைப்புக்கு எப்போதும் முதலிடம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பென்ட்-2-ஈன்-4-ஐன் என்று எழுதிக் கெடுப்பார்கள்.

இரு திசையிலும் ஒரே எண்கள் வந்தால் மட்டும் இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண்: பென்ட்-1-ஈன்-4-ஐன். எழுதும்போது எப்போதும் ஈன் முன்னால், ஐன் கடைசியில். 10ஆம் விடையின் தர்க்கமேதான் இதுவும்.

18. ஒரு புத்தகத்தில் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்றில் நீளம்தான் முக்கியம் என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு காலத்து விதிகள். பழைய விதிப்படி இரட்டை அல்லது முப்பிணைப்பைத் தன்னுள் கொண்ட சங்கிலியே முதன்மை, அது குட்டையாக இருந்தாலும். 2013இல் வந்த பரிந்துரைகள் நீளத்தை முன்னால் வைத்தன. நீளம் சமமானால்தான் இரட்டைப் பிணைப்பைப் பார்க்க வேண்டும்.

ஒரு கார்பனில் இரட்டைப் பிணைப்பால் ஒரு கார்பன், கூடவே ஓர் எத்தில், ஒரு புரப்பைல். பழைய விதியில் இது 2-எத்தில்பென்ட்-1-ஈன். புதிய விதியில் எத்தில் நுனியிலிருந்து புரப்பைல் நுனிவரை ஆறு கார்பன். இரட்டைப் பிணைப்போடு தொங்குவது மெத்திலிடீன் என்னும் கிளை: 3-மெத்திலிடீன்ஹெக்சேன். தொடக்கநிலைப் பாடநூல்கள் பெரும்பாலும் பழையதையே பின்பற்றுகின்றன. தேர்வுக்கு உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், மற்ற பெயரைப் பார்த்தால் அடையாளம் காணத் தெரிந்தால் போதும். பல கணக்குகளில் இரண்டு விதியும் ஒரே பெயரைத்தான் தரும். 4ஆம் விடையில் 2-எத்தில் தவறு என்றது அல்கேனுக்கு மட்டுமே என்பதையும் இங்கே கவனியுங்கள்.

19. வளையத்தில் எங்கே எண் தொடங்குவது? நுனியே இல்லையே!

ஒரே ஒரு கிளை என்றால் எண்ணே வேண்டாம்: மெத்தில்சைக்ளோஹெக்சேன். இரண்டு கிளை என்றால் ஒன்று 1ஆம் கார்பன். குட்டையான பக்கமாகச் சுற்றி அடுத்ததை அடையுங்கள். எதற்கு 1 என்பதை அகரவரிசை முடிவு செய்யும்: 1-எத்தில்-2-மெத்தில்சைக்ளோபென்டேன். மூன்று கிளையோ அதற்கு மேலோ வந்தால் மறுபடியும் எண்வரிசைதான் முதல். ஆறு கார்பன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு மெத்தில், ஒன்று விட்டு ஓர் எத்தில். எத்திலுக்கு 1 கொடுத்தால் 1,3,4 வரும். மெத்திலில் தொடங்கினால் 1,2,4. ஆகவே 4-எத்தில்-1,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சேன்.

வளையமும் நீண்ட வாலும் சேர்ந்து வந்தால் எது முதன்மை என்பதிலும் இரண்டு காலம் உண்டு. பழைய பாடநூல்களில் கார்பன் அதிகம் உள்ளது முதன்மை: 1-சைக்ளோபியூட்டைல்பென்டேன். 2013 பரிந்துரையில் வளையமே முதன்மை: பென்டைல்சைக்ளோபியூட்டேன்.

20. வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால்?

இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களும் 1, 2 ஆகத்தான் இருக்க வேண்டும். எந்தத் திசை என்பதைக் கிளை சொல்லும். இரட்டைப் பிணைப்புக் கார்பனிலேயே மெத்தில் இருந்தால் 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன். அதற்கு அடுத்த கார்பனில் இருந்தால் 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன். விடைத்தாள்களில் வரும் 2-மெத்தில், 6-மெத்தில் இரண்டும் திசை தவறியவை. முதலாவது 1 ஆகும், இரண்டாவது 3 ஆகும்.

21. சிஸ், டிரான்ஸ் எல்லா அல்கீனுக்கும் போட வேண்டுமா?

இல்லை. இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும், ஒவ்வொன்றிலும் உள்ள இரண்டு தொகுதிகள் வேறு வேறாக இருந்தால்தான் அந்தப் பேச்சே. பியூட்-1-ஈனின் முதல் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அங்கே முடிந்தது. பியூட்-2-ஈனில் இரண்டு மெத்திலும் ஒரே பக்கம் என்றால் சிஸ், எதிரெதிர் என்றால் டிரான்ஸ். சிஸ் சுமார் 3.7 டிகிரி செல்சியஸிலும் டிரான்ஸ் 0.9 டிகிரியிலும் கொதிக்கின்றன, ஆக இவை தனித்தனிச் சேர்மங்களே.

3-மெத்தில்பென்ட்-2-ஈன் போன்றவற்றில் சிஸ், டிரான்ஸ் குழப்பும். இரண்டு மெத்தில் ஒரே பக்கம் என்று ஒருவர் சிஸ் என்பார். முதன்மைச் சங்கிலி எதிரெதிர்ப் பக்கம் போகிறது என்று இன்னொருவர் டிரான்ஸ் என்பார். இதற்காக வந்ததுதான் 'இ' (E), 'இசட்' (Z) முறை. ஒவ்வொரு கார்பனிலும் முன்னுரிமை பெற்ற தொகுதியைத் தேர்ந்தெடுங்கள்: நேரடியாக ஒட்டியுள்ள அணுவின் அணு எண் அதிகமானால் முன்னுரிமை, சமமானால் அதற்கடுத்த அணுக்கள். எத்தில் மெத்திலை வெல்லும், மெத்தில் ஹைட்ரஜனை வெல்லும். வென்றவை ஒரே பக்கம் என்றால் இசட், எதிர்ப்பக்கம் என்றால் இ. மேலே சொன்ன அமைப்பு இ.

22. பீனைல், பென்சைல் இரண்டும் ஒன்றா?

இல்லை. பீனைல் என்பது பென்சீன் வளையம் நேரடியாக ஒட்டுவது, ஆறு கார்பன். பென்சைலில் வளையத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு கார்பன் கூடுதல், மொத்தம் ஏழு. பென்சீனில் இரண்டு கிளை இருந்தால் ஆர்த்தோ 1,2, மெட்டா 1,3, பாரா 1,4. மூன்று கிளையானால் இந்தச் சொற்கள் பயன்படாது, எண்தான்.

23. எழுதிய பெயர் சரியா என்று விடை பார்க்காமலே எப்படிச் சோதிப்பது?

முதலில் கார்பனை எண்ணுங்கள். பெயரிலிருந்து: 3-எத்தில்-2-மெத்தில்பென்டேனில் 5, 2, 1, மொத்தம் 8. படத்திலும் 8 இருக்க வேண்டும். ஒரு கார்பன் குறைந்தால் பெரும்பாலும் கோட்டுப்படத்தின் முனையை விட்டிருப்பீர்கள். அடுத்து ஹைட்ரஜன்: கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டுங்கள், ஒவ்வொரு வளையத்துக்கும் 2, ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் 2, முப்பிணைப்புக்கு 4 கழியுங்கள். 3-மெத்தில்சைக்ளோஹெக்சீனுக்கு 7 கார்பன், 16இல் வளையத்துக்கு 2, இரட்டைப் பிணைப்புக்கு 2 போக 12 ஹைட்ரஜன்.

இந்த எண்ணிக்கை சரியாக வந்தும் பெயர் தவறாக இருக்கலாம். 2-எத்தில்பியூட்டேனுக்கும் 3-மெத்தில்பென்டேனுக்கும் ஒரே எண்ணிக்கைதானே. ஆகவே படத்தை மறைத்துவிட்டு, எழுதிய பெயரிலிருந்து மட்டும் அமைப்பைப் புதிதாக வரையுங்கள், பிறகு அதற்கு மறுபக்கத்திலிருந்து எண் போடுங்கள். சிறிய எண்கள் கிடைத்தாலோ நீண்ட சங்கிலி தட்டுப்பட்டாலோ திருத்துங்கள். இரண்டு பெயர்கள் ஒரே சேர்மமா என்ற கேள்விக்கும் இதே வழிதான்: இரண்டையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் 4, 5, 10ஆம் விடைகளின்படி புதிதாகப் பெயரிட்டுப் பாருங்கள், ஒரே பெயர் வந்தால் ஒரே சேர்மம்.